பெரிய ஃபேக்டரி வேலைக்குத் தாராளமாகப் போங்கள், ஆனால் ஒரே மெஷினோடு நின்றுவிடாதீர்கள்

"அண்ணே, பெரிய கம்பெனியில சேரலாமா?" தேசியச் சேவை முடித்து வரும் தம்பிகளும் பாலிடெக்னிக் முடித்த தங்கைகளும் என்னிடம் அடிக்கடி கேட்பது இது. சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் சிப் தயாரிக்கும் பெரிய தொழிற்சாலை ஒன்றில் பல வருடம் டெக்னீஷியனாக இருந்தவன் நான். சேரலாம் என்றுதான் சொல்வேன். சிங்கப்பூர்ப் பொருளாதாரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உற்பத்தித் துறைதான். உலகத்துச் சிப்புகளில் பத்தில் ஒன்று இங்கிருந்து போகிறது.

பதின்மூன்றாம் மாதச் சம்பளம், போனஸ், மருத்துவச் செலவு, கம்பெனி பஸ் எல்லாம் எல்லாருக்கும் தெரிந்த நன்மைகள். நான் பெரிதாக மதிப்பது பாதுகாப்பை. மெஷினைத் திறக்கும் முன் மின்சாரம், கேஸ் எல்லாவற்றையும் அடைத்து, அவரவர் பெயர் எழுதிய பூட்டைப் போட வேண்டும். மூன்று பேர் வேலை செய்தால் மூன்று பூட்டு. சாவி பூட்டியவரிடம்தான் இருக்கும். மேனேஜரே வந்து அவசரப்படுத்தினாலும் மூன்று பூட்டும் கழன்றால்தான் மெஷின் ஓடும். "சீக்கிரம் முடிப்பா, நான் பாத்துக்கிறேன்" என்று முதலாளி சொல்லும் சின்னப் பட்டறைகளில் விரலை இழந்தவர்களை எனக்குத் தெரியும். அதனால்தான் முதல் வேலை பெரிய இடத்தில் அமைய வேண்டும் என்கிறேன். அங்கே படிந்த பழக்கம் எங்கே போனாலும் கூட வரும்.

சிரமங்களும் உண்டு. பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட், இரவும் பகலும் மாறி மாறி. க்ளீன்ரூமுக்குள், அதாவது சிப் தயாராகும் தூசியில்லாத அறைக்குள், ஒரு துகள் போகக் கூடாது. நெற்றி விபூதியைத் துடைத்துவிட்டுத்தான் கவுன் மாட்ட வேண்டும். தீபாவளி அன்று நைட் ஷிஃப்ட் விழுந்தால் ஒரு நாள் சம்பளம் கூடுதலாக வரலாம், ஆனால் வீட்டில் பிள்ளைகள் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நேரத்தில் நாம் பஸ்ஸில் தூங்கிக்கொண்டிருப்போம்.

சம்பளத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. கைவேலை செய்பவருக்கு அடிப்படைச் சம்பளம் 4,500 வெள்ளி வரை இருந்தால் ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கு கொடுத்தே ஆக வேண்டும், அது சட்டம். எஞ்சினியர் போன்ற மற்றவர்களுக்கு அந்த வரம்பு 2,600 வெள்ளிதான். டெக்னீஷியன் பதவி உயர்ந்து எஞ்சினியர் ஆன மாதத்தில் கைக்கு வரும் பணம் குறைந்துபோன வீடுகளைப் பார்த்திருக்கிறேன். உயர்வு கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன் இதைக் கூட்டிக் கழித்துப் பாருங்கள்.

எனக்கு உண்மையில் மனம் வலிக்கும் இடம் வேறு. பெரிய ஃபேக்டரியில் வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துவிடுகிறார்கள். பதினைந்து வருடம் ஒரே மாடல் எட்ச் மெஷினை (சிப்பின் மேல் அடுக்குகளை அரித்து வடிவம் எடுக்கும் மெஷின்) பார்த்தவர், அதைக் கண்ணைக் கட்டிக்கொண்டு கழற்றி மாட்டுவார். பக்கத்துப் பகுதியில் ஏன் மஞ்சள் விளக்கு எரிகிறது என்று கேட்டால் தெரியாது. (அங்கே வேஃபரில், அதாவது சிப்புகள் உருவாகும் வட்டத் தகட்டில், பூசும் ரசாயனம் நீல ஒளி பட்டால் கெட்டுவிடும்.) அவர் சோம்பேறி இல்லை. யாரும் அவரை அந்தப் பக்கம் அனுப்பவே இல்லை, அவ்வளவுதான். பிறகு ஒரு நாள் வெளிநாட்டுத் தலைமையகம் அந்த லைனை மூட முடிவெடுக்கிறது. இங்கிருக்கும் மேனேஜருக்கே கடைசியில்தான் தெரியும். பெரிய கம்பெனி என்பதால் பெரும்பாலும் ஆட்குறைப்புத் தொகை கிடைக்கும். சேவை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் இரண்டு வாரம் முதல் ஒரு மாதச் சம்பளம் வரை என்பது அரசும் முதலாளிகளும் தொழிற்சங்கமும் சேர்ந்து தந்த முத்தரப்புப் பரிந்துரை, சட்டக் கட்டாயம் இல்லை. அந்தப் பணம் தீர்வதற்குள் ஐம்பது வயதுக்காரர் புதிதாக எதைக் கற்பார்?

ஆகவே நேர்காணலில் சம்பளத்தோடு இதையும் கேளுங்கள்: எத்தனை வகை மெஷினில் பயிற்சி தருவீர்கள், எவ்வளவு காலத்தில் மாற்றிவிடுவீர்கள்? பதில் மழுப்பலாக வந்தால் யோசியுங்கள்.

ஏற்கெனவே உள்ளே இருக்கும் அண்ணன்மார்களே, 40 வயது தாண்டிய சிங்கப்பூரர்களுக்கு 2024 மே மாதம் முதல் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் என்ற அரசுத் திறன் பயிற்சித் திட்டத்தில் வகுப்புக் கட்டணத்துக்காகக் கூடுதலாக 4,000 வெள்ளி கிடைக்கிறது. பலர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. நைட் ஷிஃப்ட் முடித்து வகுப்பில் உட்காருவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். வகுப்பு இருக்கும் நாள்களில் ஷிஃப்டை மாற்றிக் கொடுப்பது நிர்வாகத்தின் கடமை. அடுத்த பேச்சுவார்த்தையில் தொழிற்சங்கம் போனஸுக்கு முன்னால் இதைத்தான் மேசையில் வைக்க வேண்டும்.