மலையகத்துக்கு நம் ஆட்கள் தேயிலைக்காக வரவில்லை

“1867இல் ஜேம்ஸ் டெய்லர்தான் இலங்கைக்குத் தேயிலைச் செடியைக் கொண்டுவந்தார். நம் முன்னோர் அதற்குப் பிறகுதான் மலையேறினார்கள்” என்று பழைய தொழிற்சாலைப் படம் ஒன்றுடன் வட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. ஆண்டு சரி, ஆள் சரி, கதை பிழை.

செடி 1824இலேயே சீனாவிலிருந்து பேராதனைப் பூங்காவுக்கு வந்துவிட்டது. டெய்லர் 1867இல் கண்டிப் பக்கத்து லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் வியாபாரத்துக்காகப் பயிரிட்டார். பெரிய வேலைதான், ஆனால் முதல் செடி அவருடையதல்ல.

இரண்டாவது வரிதான் கூடுதலாக உறுத்துகிறது. தென்னிந்தியாவிலிருந்து நம் ஆட்கள் வந்தது கோப்பிக்காக. 1820களிலேயே கம்பளைப் பக்கம் கோப்பித் தோட்டம் போட்டாயிற்று. தலைமன்னாரிலிருந்து மாத்தளை வழியாகக் காட்டுப் பாதையில் நடந்து வந்தவர்கள் காட்டை வெட்டியதும் கோப்பி நடத்தான். 2023இல் அந்த வழியே நடந்து, அவர்கள் வந்த 200 ஆண்டை நினைவுகூர்ந்தோமே, அதற்குள் மறந்துவிட்டதா? அந்த 1867இலேயே கண்டிக்கு ரயில் வந்தது. அதுவும் கோப்பி மூட்டைகளுக்காகப் போட்ட பாதை. 1869இல் இலைத்துரு நோய் தாக்கி கோப்பி அழியத் தொடங்கிய பிறகே தேயிலை மலை முழுக்கப் பரவியது. அந்தச் செய்தியை நம்பினால் நாற்பது வருட உழைப்பு கணக்கிலேயே வராது.

சந்தேகமிருந்தால் ஹந்தானை தேயிலை அருங்காட்சியகத்தில் பாருங்கள். 1871 குடிசன மதிப்பீட்டையும் புரட்டலாம். தேயிலை பெருகுமுன்பே தோட்ட மக்கள் அதில் இருக்கிறார்கள். அந்தச் செய்தி உங்களுக்கும் வந்தால் தயவுசெய்து இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியவருக்கும் இதைச் சொல்லிவிடுங்கள்.