ஒப்பந்தம் இருந்தால் மட்டும் வரி போய்விடாது
“தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் போட்டாயிற்று, இனி அந்த நாட்டிலிருந்து வரும் எல்லா ரசாயனத்துக்கும் வரி பூஜ்யம்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது சரியில்லை. கப்பல் அங்கிருந்து கிளம்பினால் போதாது, சரக்கு அங்கேயே உருவானதாகவும் இருக்க வேண்டும். மூன்றாவது நாட்டில் வாங்கிய அமிலத்தில் தண்ணீர் கலந்து, புது பேரலில் ஊற்றி, லேபிள் ஒட்டி அனுப்பினால் சலுகை கிடைக்காது. பல ஒப்பந்தங்கள் வேதிவினை நடந்து புது மூலக்கூறு உருவானதா என்று பார்க்கின்றன. நீரில் கரைப்பதும் படிகத்துக்குள் பிணைந்திருக்கும் நீரை (படிக நீர்) நீக்குவதும் வேதிவினை ஆகாது என்று வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். பள்ளி வேதியியல் சுங்கத்தில் உதவும் அபூர்வ இடம் இது! அப்புறம், சொந்த நாட்டு விலையைவிடக் குறைத்து இங்கே கொண்டுவந்து கொட்டும் சரக்கின் மீது போடும் பொருள்குவிப்புத் தடுப்பு வரி (anti-dumping) தனிக் கணக்கு. ஒப்பந்தம் இருந்தாலும் அதை விதிக்கலாம்.

“உருகுவே சுற்று என்ற உலக வர்த்தகப் பேச்சுவார்த்தையிலேயே ரசாயன வரியை ஒழித்துவிட்டார்கள்” என்பதும் பாதி உண்மைதான். அங்கே உருவான ரசாயன வரி இசைவு உடன்பாடு பொருளைப் பொறுத்து 0, 5.5, 6.5 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்தது. அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம், ஜப்பான் போன்றவை சேர்ந்தன. இந்தியாவும் பிரேசிலும் சேரவில்லை.