மிளகளவுக் குமிழுக்கு ஒரு அலைச்சல்

அம்மாவின் காதுக்கருவி முனையில் மாட்டும், டோம் எனப்படும் சிலிக்கன் குமிழ் கிழிந்துபோனதால், வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை வரை கடை கடையாக ஏறி இறங்கினேன். மிளகளவுப் பொருள்தான், ஆனால் நிறுவனங்கள் தத்தம் முனைக்கே பொருந்தும்படி அதைச் செய்வதாலும், ஒரே நிறுவனத்தின் பழைய கருவிக்கும் புதியதற்கும்கூடப் பல வேளைகளில் அது வேறுபடுவதாலும், “இதுவும் 8 மில்லிமீற்றர்தான்” என்று கடைக்காரர் தந்த குமிழ் அன்றிரவே கழன்று அம்மாவின் காதுக்குள் தங்கிவிட்டது. அதை எடுக்க வைத்தியரிடம் ஓட வேண்டியதாயிற்று.

பற்றரியில் இந்தத் தொல்லை இல்லையே! அளவு எண் 312 என்றால் மண்ணிற ஒட்டுத்தாள், 13 என்றால் செம்மஞ்சள். யார் செய்ததை வாங்கினாலும் பொருந்தும். பற்றரிக்கு முடிந்த ஒழுங்கு குமிழுக்கு மட்டும் ஏன் முடியாது? சரியான குமிழ் இன்னும் கிடைக்காமல், அம்மா பேரப்பிள்ளைகளின் வாயசைவைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருக்கிறார்.