ஊசிப் பட்டியலில் கிளீனர் அக்காவின் பெயர் எங்கே?

ஒவ்வொரு வருடமும் ஆஸ்பத்திரியில் இன்புளுவென்சா ஊசி போடும் நாள் வரும். டாக்டர்கள், மிஸ்ஸிகள் என்று அழைக்கப்படும் நர்ஸுகள், லேப்காரர்கள் என்று எல்லாரும் வரிசையில் நிற்போம். நான் வேலை பார்த்த இடங்களில், வார்டைத் துடைக்கும் கிளீனர் அக்காவையும் வாசலில் காவல் நிற்கும் ஜாகாவையும் அந்த வரிசையில் பார்த்ததில்லை. ஏன் என்று கேட்டால் "அவங்க கான்ட்ராக்ட், மிஸ்ஸி" என்பார்கள். பினாங்கில் இத்தனை வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். இன்றுவரை அந்தப் பதிலை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

மலேசிய அரசு ஆஸ்பத்திரிகளின் துப்புரவு, துணி சலவை, மருத்துவக் கழிவு வேலைகள் 1997 முதல் தனியார் கம்பெனிகளிடம் இருக்கின்றன. சரி, சம்பளம் வேறு இடத்திலிருந்து வரட்டும். வேலை நடப்பது அதே வார்டில்தானே?

இன்புளுவென்சா நோயாளி டிஸ்சார்ஜ் ஆனதும் அந்தக் கட்டிலுக்கு முதலில் போவது யார்? கட்டில் கம்பி, லாக்கர், டிரிப் ஸ்டாண்ட், எங்களைக் கூப்பிட அழுத்தும் பட்டன் என்று ஒன்று விடாமல் துடைக்க வேண்டும். திரைச்சீலையைக் கழற்ற வேண்டும். சளி துடைத்த டிஷ்யூ நிறைந்த பையைக் கட்டித் தூக்க வேண்டும். எஃகு, பிளாஸ்டிக் மேல் இந்தக் கிருமி 24 முதல் 48 மணி நேரம் வரை உயிரோடு இருக்கும். நோயாளி படுத்திருக்கும்போதும் பக்கத்தில் போகிறவர் அவர்தான். நாங்கள் மருந்து வண்டியோடு வேறு மூலையில் நிற்கும்போது, தமிழ் மட்டுமே தெரிந்த பாட்டி தண்ணீர் கேட்டால், முகத்துக்குப் பக்கத்தில் குனிந்து கொடுப்பவர் அந்த அக்காதான். அவருடைய வேலைப் பட்டியலில் அது கிடையாது.

பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2011-இல் வந்த ஒரு கணக்கு இது. ஊசி போடாத ஆரோக்கியமான பெரியவர்களில் ஒரு பருவத்தில் 100-க்கு 5 பேர் போல இன்புளுவென்சா தொற்றுகிறது. ஊசி போடாத மருத்துவத் துறை ஊழியர்களிடம் அது 18, 19 பேர். ஊசி போட்ட ஊழியர்களிடம் 6, 7 பேர். இன்னொன்று என்னை அதிகம் உறுத்துகிறது. 1993-94 குளிர்காலத்தில் கிளாஸ்கோ ஆஸ்பத்திரி ஊழியர்களின் இரத்தத்தைச் சோதித்தார்கள். சுமார் 23 சதவீதத்தினருக்குத் தொற்று வந்து போயிருந்தது. அவர்களில் பாதிக்கு மேல் தங்களுக்கு இன்புளுவென்சா வந்ததாகவே சொல்லவில்லை. அப்படியென்றால் தெரியாமலே வேலைக்கு வந்திருக்கிறார்கள், நோயாளிகளைத் தொட்டிருக்கிறார்கள்.

தெரிந்தே வருகிறவர்களும் உண்டு. ஒரு நாள் காலை ஓர் அக்கா கண் சிவந்து, மாப்பைப் பிடித்தபடி சுவரில் சாய்ந்து நின்றார். "எம்.சி. எடுக்கக் கூடாதாக்கா?" என்று மருத்துவ லீவைப் பற்றிக் கேட்டேன். "எடுத்தா அலவன்ஸ் போயிரும் மிஸ்ஸி" என்றார். நம் வேலைச் சட்டப்படி புதிதாகச் சேர்ந்தவருக்கும் வருடத்துக்கு 14 நாள் சம்பளத்தோடு எம்.சி. உண்டு. ஆனால் லீவு போடாமல் வருகிறவருக்குக் கிடைக்கும் அந்த அலவன்ஸ் தனிக் கணக்கு. 1,700 வெள்ளி (ரிங்கிட்) அடிப்படைச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவருக்கு அது ஒரு வார மளிகைச் சாமான். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். காய்ச்சலுக்காக எடுக்கும் எம்.சி.க்கு அலவன்ஸை வெட்டுகிற கம்பெனியைத்தான் சொல்வேன். அறிகுறி தெரிவதற்கு முந்தைய நாளிலிருந்து ஐந்தாறு நாள் வரை இன்புளுவென்சா பிறருக்குத் தொற்றும். அந்த வார்டில் டயாலிசிஸ் நோயாளிகளும் நெஞ்சுச் சளியோடு போராடும் தாத்தாக்களும் படுத்திருக்கிறார்கள்.

"ஊசி போட்டால்தான் காய்ச்சலே வருது" என்று பயப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். இங்கே போடும் ஊசியில் இருப்பது செயலிழந்த கிருமி, அதனால் இன்புளுவென்சா வராது. கை வலிக்கும், சிலருக்கு ஒரு நாள் உடம்பு சூடாக இருக்கும், அவ்வளவுதான். இதைத் தமிழில் உட்கார்ந்து சொன்னால் பெரும்பாலோர் கையை நீட்டிவிடுவார்கள். சொல்லத்தான் ஆள் இல்லை.

வெளியே கிளினிக்கில் போட்டுக்கொள்ளட்டும் என்றால் அவர்களுக்கு ஒரு நாள் சம்பளமே போய்விடும். ஆகவே துப்புரவு, பாதுகாப்பு, சமையல் வேலைகளுக்கான ஒப்பந்தத்திலேயே ஊசிச் செலவையும் எம்.சி. எடுத்தால் அலவன்ஸ் குறையாது என்பதையும் எழுத வேண்டும். நம் நாட்டில் இன்புளுவென்சா வருடம் முழுக்க இருக்கிறது, கிளீனர்களோ அடிக்கடி மாறுகிறார்கள். அதனால் வருடத்துக்கு ஒரு முறை மேசை போட்டால் போதாது, புதிதாக வருகிறவருக்கு வேலையில் சேரும் வாரத்திலேயே போட வேண்டும். ஊசி வேலை செய்யவே இரண்டு வாரம் பிடிக்கும். ஒப்பந்தம் மாறும் வரை, வார்டு சிஸ்டர்களே, அடுத்த பட்டியலை மேலே அனுப்பும்போது உங்கள் வார்டு கிளீனர்களின் பெயரையும் சேர்த்து அனுப்புங்கள். முடியாது என்றால் அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள்.