உப்புத் தண்ணீருக்குச் சிமெண்ட் மருந்தா?

வட சென்னையில் வீடு கட்டுவோர் மத்தியில் ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது: ‘போர் தண்ணீர் உப்பாக இருந்தால் சிமெண்ட் கொஞ்சம் கூடப் போடுங்கள், சரியாகிவிடும்.’

ஆகாது. சிமெண்ட்டைக் கூட்டினாலும் உப்பு உள்ளேதான் இருக்கும். அதிலுள்ள குளோரைடு கம்பியின் பாதுகாப்புப் படலத்தை உடைக்கும். துரு பல மடங்கு உப்பி கான்கிரீட்டைப் பிளக்கும். காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கம் பழைய பால்கனிகளின் அடியைப் பாருங்கள்: பூச்சு உதிர்ந்து, கம்பி செதில் செதிலாக நிற்கும்.

கம்பி கட்டிய கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456:2000. கம்பியில்லாததற்கு 2,000 வரை போகலாம். உப்புத் தண்ணீர் பரவாயில்லை என்ற குழப்பம் இந்த இரண்டாவது அளவிலிருந்து வந்திருக்கலாம்.

நாக்கில் வைத்துப் பார்ப்பதெல்லாம் சோதனையா? ஆய்வகத்தில் கொடுங்கள். அப்புறம், லாரித் தண்ணீரில் கலவை போட்டுவிட்டு உப்புத் தண்ணீரில் க்யூரிங் (கான்கிரீட் இறுக ஈரமாக வைப்பது) செய்யாதீர்கள்.