'தானே' என்று முடியும் கேள்விகள்

சென்ற மாதம் அம்மாவை மருத்துவரிடம் அழைத்துச் சென்றிருந்தேன். ரத்த அழுத்தத்துக்கான மாத்திரையை மாற்றி எழுதிக்கொடுத்து மூன்று வாரம் ஆகியிருந்தது. கோப்பைப் புரட்டியபடியே, முகத்தை நிமிர்த்தாமல், "புது மாத்திரை ஒத்துக்கொள்கிறதுதானே அம்மா? தலைசுற்றல் எதுவும் இல்லையே?" என்று அவர் கேட்டார். "இல்லை டாக்டர்" என்றார் அம்மா. காலையில் படுக்கையை விட்டு எழுந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றுவிட்டு, பிறகே அடியெடுத்து வைக்கிற அம்மா அப்படிச் சொன்னார். பத்து நாள் கழித்துக் குளியலறையில் தடுமாறி விழுந்து, மணிக்கட்டில் எலும்பு விரிசலோடு அதே அறையில் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது, "தலைசுற்றல் இருப்பதை அன்றைக்கே ஏன் சொல்லவில்லை?" என்று மருத்துவர் அதட்டினார். அம்மா குற்றவாளியைப் போலத் தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த அதட்டலைத்தான் என்னால் இன்றுவரை பொறுத்துக்கொள்ள முடியவில்லை. 'இல்லையே' என்று பதிலையும் தானே சொல்லி, அதற்குத் தலையாட்டுகிற வேலையை மட்டும் எதிரில் இருப்பவரிடம் விட்டவர், பிறகு அவர் தலையாட்டியதையே குற்றமாக்குவது எந்த வகை நியாயம்? வயதானவர், மருத்துவரின் நேரத்தை வீணாக்கக் கூடாது என்று நினைப்பவர், வெளியே இன்னும் இருபது பேர் காத்திருப்பதைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தவர், 'இல்லையே' என்று கேட்கிற ஒருவரை மறுத்து 'இருக்கிறது' என்று சொல்வார் என எதிர்பார்ப்பது மனிதர்களை அறியாத எதிர்பார்ப்பு.

இது என் ஆத்திரம் மட்டும் அல்ல, அளந்தும் பார்த்திருக்கிறார்கள். 1984ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், பதிவு செய்யப்பட்ட 74 மருத்துவச் சந்திப்புகளில் 17இல் மட்டுமே நோயாளியால் தான் சொல்ல வந்ததை முழுமையாகச் சொல்ல முடிந்தது. மற்றவர்களில் பெரும்பாலானோரை மருத்துவர்கள் சராசரியாக 18 வினாடிகளில் இடைமறித்துவிட்டார்கள். 2007இல் வெளியான இன்னொரு அமெரிக்க ஆய்வு எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. வேறு குறை உண்டா என்று கேட்கும் கேள்வியில் ஒரே ஒரு சொல்லை மாற்றி, 'இல்லை' என்ற பதிலின் பக்கம் சாய்கிற வடிவத்துக்குப் பதிலாக 'உண்டு' என்பதன் பக்கம் சாய்கிற வடிவத்தில் கேட்டபோது, நோயாளிகள் சொல்லாமலே திரும்பிப்போகிற குறைகளில் 78 விழுக்காடு இல்லாமல் போயின. முதல் வடிவத்தில் கேட்டதால் குறிப்பிடத்தக்க பயன் ஏதும் இல்லை. ஒரு சொல்தான் வேறுபாடு. கூடுதல் கருவியோ கூடுதல் பணமோ அதற்குத் தேவைப்படவில்லை. அதைக்கூடச் செய்ய மனமில்லாதவர்களுக்கு 'ஏன் சொல்லவில்லை' என்று கேட்க என்ன உரிமை இருக்கிறது?

நன்னூல் வினாவை ஆறு வகையாகப் பிரிக்கிறது. தெரியாததைத் தெரிந்துகொள்ளக் கேட்பது அறியா வினா. ஒரு செயலைச் செய்யத் தூண்டுவதற்காகக் கேட்பது ஏவல் வினா. நான் குமுறிக்கொண்டிருப்பது அறியா வினாவின் வேடத்தில் வருகிற ஏவல் வினாக்களைப் பற்றித்தான். 'எல்லாருக்கும் புரிந்ததுதானே?', 'உனக்கு ஆட்சேபணை இல்லையே?', 'குறித்த தேதிக்குள் முடித்துவிடலாம்தானே?' ஆகியவற்றில் எதுவும் எதையும் அறிந்துகொள்வதற்கானது அல்ல. 'ஆம் என்று சொல்லிவிட்டு அமைதியாக இரு' என்கிற கட்டளைதான் கேள்விக்குறியோடு வருகிறது.

அலுவலகக் கூட்டங்களில் இதை வாரந்தோறும் பார்க்கிறேன். வேலையின் எந்தப் பகுதி இழுத்துக்கொண்டு போகும் என்பது அதைச் செய்கிற இளைஞருக்கு நன்றாகவே தெரியும். 'எந்த இடத்தில் தாமதமாகும் என்று நினைக்கிறாய்?' என்று கேட்டிருந்தால் ஒரே நிமிடத்தில் சொல்லியிருப்பார். 'முடித்துவிடலாம்தானே?' என்று கேட்கப்பட்டதால் 'முடித்துவிடலாம் சார்' என்றார். தேதி தவறியபோது அவரை நோக்கி வந்ததும் 'அப்போதே ஏன் சொல்லவில்லை?' என்ற அதே கேள்விதான்.

கேள்வியைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டதற்கு உயிர்களையே விலையாகக் கொடுத்த வரலாறும் உண்டு. அமெரிக்காவின் சாலஞ்சர் விண்வெளி ஓடம் புறப்படுவதற்கு முந்தைய நாளான 1986 ஜனவரி 27 இரவு, கடுங்குளிரில் அதன் ராக்கெட்டின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் சரிவர அடைக்காமல் போகலாம் என்று பொறியாளர்கள் எச்சரித்தபோது, 'சாலஞ்சர் விண்வெளி ஓடம் பறப்பது பாதுகாப்பானதுதான் என்று காட்ட முடியுமா?' என்பது கேள்வியாக இருந்திருக்க வேண்டும். அவர்கள் முன் வைக்கப்பட்டதோ 'பறப்பது ஆபத்து என்று உங்களால் நிரூபிக்க முடியுமா?' என்கிற கேள்வி. அவர்களால் அதை ஐயமற நிரூபிக்க முடியவில்லை. மறுநாள் புறப்பட்ட ஓடம் 73 வினாடிகளில் சிதறி, 7 பேர் மாண்டார்கள். பொறியாளர்கள் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். அவர்கள் பேசினார்கள், கேள்வி தலைகீழாக இருந்ததால் அவர்கள் பேச்சு எடுபடவில்லை.

வீட்டுக்குள்ளும் நாம் ஒன்றும் மேலானவர்கள் அல்ல. குழந்தைகள் சண்டையிட்டு அழுதுகொண்டு வந்தால் 'என்ன நடந்தது?' என்று கேட்பதற்கு முன்பே 'அவனை ஏன் அடித்தாய்?' என்கிறோம். அடித்தானா என்பதையே இன்னும் கேட்கவில்லை. அடித்ததாகத் தீர்ப்பு எழுதிய பிறகு அவன் சொல்லும் எதுவும் சாக்குப்போக்காகத்தான் நம் காதில் விழும்.

நான் கோபப்படுகிற இந்தத் தவறில் எனக்கும் பங்கு இருக்கிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. இரண்டு ஆண்டுகளாக ஒவ்வொரு இரவும் தொலைபேசியில் நான் அம்மாவிடம் கேட்டது, "மாத்திரை எல்லாம் போட்டுக்கொண்டாய்தானே?" என்பதுதான். ஒவ்வொரு இரவும் "போட்டுக்கொண்டேன்" என்ற பதில் வந்தது. நானும் நிம்மதியாகத் தூங்கினேன். அம்மா விழுந்த பிறகு அந்தக் கேள்வியை மாற்றிக்கொண்டேன். இப்போது, "இன்றைக்கு எந்த வேளை மாத்திரை விட்டுப்போனது அம்மா?" என்று கேட்கிறேன். இதற்குள்ளும் ஓர் ஊகம் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்த ஊகம், விட்டுப்போனதை வெட்கமில்லாமல் சொல்ல அவருக்கு வழிவிடுகிறது. கேட்டுவிட்டு, அவர் யோசித்து முடிக்கும்வரை நான் வாய் திறப்பதில்லை. இந்த வாரத்தில் இரண்டு நாள், "மதியம் போட மறந்துவிட்டேன்" என்றார்.