எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரே கிடையாது

உங்கள் ஸ்கேன் கட்டுரையில் சி.டி., எம்.ஆர்.ஐ. இரண்டையும் சேர்த்து 'கதிர்வீச்சு உள்ள ஸ்கேன்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து திருத்துங்கள். எக்ஸ்ரே பயன்படுவது சி.டி.யில்தான். எம்.ஆர்.ஐ.யில் காந்தமும் ரேடியோ அலையும்தான். உடம்பிலுள்ள தண்ணீரிலும் கொழுப்பிலும் இருக்கும் ஹைட்ரஜன் அணுக்கருக்களை ரேடியோ அலை சாய்த்துவிடுகிறது. அவை பழைய நிலைக்குத் திரும்பும்போது தரும் சிக்னலைக் கணினி படமாக்குகிறது.

போன வருஷம் அம்மாவுக்கு முதுகுத்தண்டு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கப் போனோம். குழாய்க்குள் போனதும் படபடப்பு வந்து, பாதியிலேயே வெளியே வந்துவிட்டார். வேறு வகை இயந்திரங்கள் இருப்பதை அங்கே யாரும் சொல்லவில்லை. பக்கவாட்டில் திறந்திருக்கும் 'ஓப்பன்' வகை உண்டு. ஆனால் பெரும்பாலும் காந்த சக்தி குறைவு, படத்தின் துல்லியமும் குறையலாம். வழக்கமான 60 செ.மீ.க்குப் பதிலாக 70 செ.மீ. அகலக் குழாய் உள்ளவை, காந்த சக்தி குறையாமல் 1.5, 3 டெஸ்லாவிலேயே (டெஸ்லா என்பது காந்தப்புலத்தின் அலகு) கிடைக்கின்றன. அம்மாவுக்குக் கடைசியில் அதில்தான் எடுத்தோம். டமடமவென்ற சத்தம் மட்டும் அதிலும் உண்டு, காதடைப்பான் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பயப்பட வேண்டியது உலோகத்துக்குத்தான். 1.5 டெஸ்லா என்பது பூமியின் காந்தப்புலத்தைப் போல சுமார் 30,000 மடங்கு. ஸ்கேன் ஓடாத நேரத்திலும் காந்தம் வேலை செய்துகொண்டேதான் இருக்கும். சேலை ஊக்கு, ஹேர்பின் எல்லாவற்றையும் வெளியிலேயே கழற்றிவிடுங்கள். பேஸ்மேக்கரோ மூளையில் கிளிப்போ வைத்திருந்தால், அந்தச் சாதனத்தின் விவர அட்டையை முதலிலேயே காட்டுங்கள். சில மாடல்களுக்கு அனுமதி உண்டு, சிலவற்றுக்குக் கிடையாது. படம் தெளிவாகத் தெரிவதற்கான கான்ட்ராஸ்ட் ஊசி போடுவதென்றால் சிறுநீரகக் கோளாறு இருப்பதையும் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.